யூதர்கள்: கீழத்தெரு

யூதனே இல்லாத ஊரில் யூத வெறுப்பா என்று கேட்டு அவர்கள் சிரித்தது 2006 மார்ச் 5, ஞாயிற்றுக்கிழமை. தவக்காலத்தின் முதல் ஞாயிறு. இரண்டாம் பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மறைக்கல்வி அறையில், கோயில் காரியங்களைத் தீர்மானிக்கும் பங்குப் பேரவை கூடியது. அந்தச் சொல்லை அங்கே சொன்னவன் நான். அதைப் பெருமையாக எழுதவில்லை. அன்றைக்கு அந்த அறையில் பேசியவர்களில் பொய் சொன்னவனும் நான்தான்.

எங்கள் ஊர் ராயப்பன்பட்டியிலிருந்து நடந்து போகும் தூரம். பெயர் வேண்டாம். ஒரு கோயில், மூன்று தெரு: மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு. கீழத்தெருவார் என்ன சாதி என்றும் நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் பக்கம் கீழத்தெரு என்று சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நான் மேலத்தெரு. உத்தமபாளையத்தில் தபால் நிலைய எழுத்தராக வேலை பார்த்தேன். தினம் காலையில் முத்திரையில் தேதியை மாற்றி, ஒரு வெற்றுத்தாளில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எது நடந்தாலும் தேதி போட்டுக் குறித்து வைப்பேன்.

பெரிய வெள்ளியன்று பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் ஊரில் பாடுகளின் ஊர்வலம் நடக்கும். வாய்க்கால் பாலத்தில் தொடங்கி மூன்று தெருவையும் சுற்றிக் கோயிலில் முடியும். இயேசுவும் சீடர்களும் மேலத்தெரு. பிலாத்துவும் உரோமைச் சேவகர்களும் நடுத்தெரு. யூதர்கள் கீழத்தெரு. யூதர்களுக்குச் சணலில் செய்த தாடி உண்டு. ஒரு தகரப் பெட்டி நிறைய அவை கோயில் சாமான் அறையில் கிடக்கும். பிலாத்து முன்னால் நின்று மரண தண்டனை கேட்டுக் கத்துவதுதான் யூதர்களின் வேலை. அவர்கள் கத்தி முடித்ததும் பெண்கள் மண்ணைக் கரைத்த தண்ணீரை அவர்கள் மேல் ஊற்றுவார்கள். சிறுபிள்ளைகள் மண்ணாங்கட்டி எறிவார்கள். நான் பார்க்கப் பார்க்கவே அதில் கல்லும் சேர்ந்துகொண்டது. தாடிக்காரர்கள் ஓடிப்போய் வாய்க்காலில் விழ வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் இல்லாத வருடம் பம்புசெட்டடி. குளிக்காமல் கோயிலுக்குள் நுழையக் கூடாது.

ஒருநாள் வேடம் அந்த ஒருநாளோடு போகவில்லை. கீழத்தெருவுக்கு யூதத்தெரு என்றே பேர் விழுந்துவிட்டது. மினிபஸ் நடத்துநர்கூட "யூதத்தெரு எறங்கு" என்பார். வாய்க்கால் தகராறு, ஆடு மேய்ந்த தகராறு, எதுவானாலும் "யூதப்பய புத்தி" என்றுதான் முடியும். ஒரு யூதரைக்கூட வாழ்நாளில் பார்க்காதவர்கள் இதைச் சொன்னார்கள். சொல்லும்போது முகத்தில் உண்மையான அருவருப்பு இருக்கும்.

எனக்கு இதற்கு ஒரு பெயர் தெரிந்திருந்தது. 1996 நவம்பரில் என் குறிப்பேட்டில் அதை முதன்முதலாக எழுதியிருக்கிறேன். நூலகத்தில் ஆங்கிலப் பத்திரிகையில் ஆன்டி-செமிட்டிசம் என்று படித்துவிட்டு, தமிழ்ப் பத்திரிகைகள் அதை எப்படி எழுதுகின்றன என்று தேடினேன். ஒன்றில் யூத எதிர்ப்பு, இன்னொன்றில் யூத விரோதம், வேறொன்றில் செமிட்டிய எதிர்ப்பு. கடைசிச் சொல் யாருக்கும் புரியாது. செமிட்டிய மொழி பேசுகிறவர்களில் அரபிகளும் உண்டு; ஆனால் அந்த ஆங்கிலச் சொல் யூதர்களை மட்டுமே குறி வைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் அதைப் பரப்பியவர்கள், தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதில் பெருமைப்பட்டவர்கள்.

எதிர்ப்பு என்ற சொல்லும் எனக்கு ஒப்பவில்லை. எதிர்ப்பதென்றால் எதிராளி ஏதோ செய்திருக்க வேண்டும். முல்லைப் பெரியாறு அணையில் மட்டத்தை உயர்த்துவதைக் கேரளத்தார் எதிர்க்கிறார்கள். நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, ஒரு காரணம் சொல்கிறார்கள். ஓர் அரசு குண்டு போட்டால் அந்த அரசை எதிர்க்கலாம். உத்தமபாளையம் வாசகசாலையில் பாலஸ்தீனச் செய்தி வரும் நாட்களில் எல்லோரும் அதைத்தான் செய்தோம், நானும் செய்தேன். அது வேறு. இது வெறுப்பு. எதிராளி எதையும் செய்திருக்க வேண்டியதில்லை, யூதராகப் பிறந்திருந்தாலே போதும். ஆகவே யூத வெறுப்பு என்று எழுதி அடிக்கோடு போட்டேன். இத்தனை தெளிவோடு இருந்தவன்தான் மூன்று வருடம் கழித்து அந்தக் காரியத்தைச் செய்தேன்.

1999இல் கோயிலுக்குப் பவள விழா. விழா மலரைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பழைய பதிவேடுகள், திருவிழா நோட்டீஸ்கள், கல்வெட்டு எல்லாவற்றையும் பார்த்து ஊர் வரலாறு எழுதினேன். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் பாடுகளின் ஊர்வலத்தில் எந்தத் தெருவுக்கு எந்தப் பொறுப்பு என்று ஒரு பட்டியல். அதில் ஒரு வரி: "யூதர்கள்: கீழத்தெரு (வழிவழியாக)".

எங்கள் பள்ளத்தாக்கில் அச்சில் வந்த நோட்டீஸ் வெறும் காகிதம் அல்ல. தேர் வடத்தை யார் முதலில் தொடுவது, யாருக்கு முதல் மாலை என்று தகராறு வந்தால், இரண்டு கட்சியும் பழைய நோட்டீஸைத்தான் தூக்கிக்கொண்டு ஓடும். கோர்ட்டில்கூட அதைக் கொண்டுபோய் வைப்பார்கள். அச்சில் இருந்தால் அது உரிமை. எனக்கு இது தெரியும். தெரிந்தே வழிவழியாக என்று எழுதினேன்.

இடையில் ஒரு பயணத்தையும் சொல்ல வேண்டும். 2001 மே மாதம் குமுளி வழியாகக் கொச்சிக்குப் போனேன். மட்டாஞ்சேரியில் யூதத்தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. அங்கே அது திட்டு இல்லை, விலாசம். ஒரு வீட்டு வாசலில் கட்டம் போட்ட சட்டையில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். சுற்றுலாக்காரர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த முகம். "எவிடுன்னா?" என்றார். தேனிப் பக்கம் என்றேன். "ஏலக்காயா?" என்றார். ஆமாம், ஏலக்காய் வியாபாரம்தான் என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் உங்கள் பெயர் எதற்குப் பயன்படுகிறது தெரியுமா என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தாடி இல்லை. காலையில் மழித்த கன்னத்தில் ஒரு கீறல் இருந்தது. அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

இனி, 2006. கீழத்தெருவில் திராட்சைப் பந்தல்களில் கிளை கழித்துக் கவாத்து வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி போல ஒருவர் இருந்தார். பத்துப் பதினைந்து ஆட்களை அழைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். யூதத் தலைமைக் குரு வேடத்தைப் பத்தொன்பது வருடம் கட்டியவர் அவர்தான். குரல் அப்படி. அவருடைய மகள் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுபிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுத்தாள். புதிதாக வந்திருந்த இளம் சாமியார் கொடுத்த பொறுப்பு. கீழத்தெருவிலிருந்து அந்த வகுப்பில் நின்ற முதல் ஆள் அவள். மேலத்தெருப் பிள்ளைகள் அவளை யூத டீச்சர் என்று கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடுவதோடு நிற்கவில்லை. ஒரு ஞாயிறு, அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது முதுகில் மண்ணாங்கட்டி விழுந்தது. அவள் அப்பாவின் மேல் எறியலாமென்றால் அவள் மேல் ஏன் எறியக் கூடாது என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

அதனால்தான் மார்ச் 5 கூட்டத்துக்கு அந்தக் கவாத்துக்காரர் வந்தார். கேட்டது ஒன்றே ஒன்று: யூதர் வேடத்தை இந்த வருடம் முதல் மூன்று தெருவும் சுற்றுமுறையில் கட்ட வேண்டும். இல்லையென்றால் தன் மகளால் அந்த வகுப்பில் நிற்க முடியாது.

நாட்டாண்மை எனக்குப் பங்காளி முறையில் அண்ணன். அவர் மலரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். விரலில் எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பி, "வழிவழியாக. போட்டிருக்கா? இது ஒங்க உரிமைப்பா. ஒங்க உரிமைய நாங்க புடுங்குனோம்னு நாளைக்கு ஒரு பேரு வரக் கூடாது பாரு" என்றார்.

இளம் சாமியார் தாழ்ந்த குரலில், 1965லேயே ரோமையில் கூடிய சங்கம், இயேசுவின் சாவுக்கு யூத மக்கள் எல்லோரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதே என்றார்.

"ரோமையில சொல்லட்டும் சாமி. ரோமையில வாய்க்கா இல்ல, பம்புசெட்டு இல்ல."

அப்போதுதான் நான் எழுந்தேன். பத்து வருடம் படித்ததெல்லாம் வாயில் வந்தது. இதற்கு யூத வெறுப்பு என்று பெயர், ஐரோப்பாவில் இப்படித்தான் பெரிய வெள்ளி ஊர்வலங்களில் தூண்டிவிட்டார்கள், அதன் முடிவில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

நாட்டாண்மை பொறுமையாகக் கேட்டார். "தம்பி, நீ படிச்சவன். நம்ம ஊருல எத்தன யூதன் குடியிருக்கான்? எத்தன ரேசன் கார்டு?"

"சந்தைக்குப் போனா ஒண்ணு ரெண்டு கெடைக்கும் மாமா, பிடிச்சிட்டு வரவா?" என்றான் ஒருவன். அறை சிரித்தது.

சிரிக்காதவர் கவாத்துக்காரர் ஒருவர்தான். அவர் நாட்டாண்மையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சார், அந்தப் பேரு இருக்கட்டும். அவக எங்கனயோ இருக்காக, அவகளுக்கு நடந்தது பெரிய கொடும. ஆனா இங்கன மண்ண அள்ளி எறியிறது எம் மேல, எம் மக மேல. இவுக வெறுக்குறது யாரன்னு இவுகளுக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். எம் முதுகுல விழுந்த கல்லுக்கு அவக பேரச் சூட்டிட்டு உக்காராதீக."

 அவர் விடவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வழிவழியான்னு போட்டீகளே, அத எந்தக் காயிதத்துல பார்த்தீக?"

"பழைய நோட்டீஸ்ல."

"எந்த வருசத்து நோட்டீசு?"

"பழசு" என்றேன்.

தேதி இல்லாமல் ஒரு வாக்கியம் பேசாதவன் நான். ஊரே அதைச் சொல்லிக் கேலி செய்யும். அன்றைக்குப் பழசு என்றேன். அவர் உட்கார்ந்தார். தீர்மானம் பழையபடியே ஆனது.

என்னிடம் இருந்த நோட்டீஸ்கள் இரண்டு. ஒன்று 1964. அதில் யூதர்கள் கீழத்தெரு. இன்னொன்று அதற்கும் முந்தையது, 1957 ஏப்ரல் 19 பெரிய வெள்ளிக்கு அடித்தது, ஓரம் கரையான் அரித்தது. அதில் யூதர்கள் என்ற தலைப்பின் கீழ் இருந்த ஒன்பது பேரும் மேலத்தெரு. யூதத் தலைமைக் குரு என்று முதலில் இருந்தது என் அப்பாவின் பெயர். இடைப்பட்ட ஏழு வருடத்தில் தாடி எப்படித் தெரு மாறியது என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. மண் தண்ணீர் ஊற்றும் வழக்கம் எப்போது வந்தது என்றும் தெரியாது. இரண்டும் சேர்ந்தே வந்திருக்கும் என்பது என் ஊகம்.

1999இல் அந்த நோட்டீஸை நான் மலரில் சேர்க்கவில்லை. ஒற்றை நோட்டீஸ்தானே, விதிவிலக்காக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் அதுவல்ல. அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் யூதன் என்ற சொல்லை அச்சில் பார்க்க எனக்குக் கூசியது. அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போட்டு விளக்கம் எழுதியவனுக்கே கூசியது. எனக்குள் இருந்ததற்கும் அதே பெயர்தான். கீழத்தெருவின் பெயருக்குப் பக்கத்தில் அதை எழுதியபோது கை கூசவே இல்லை. அதற்கு இன்னொரு பெயர் இருக்கிறது, அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

2006இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 14. அதே நாள் தமிழ் வருடப் பிறப்பு. ஊர்வல நோட்டீஸ் முன்பே அடித்தாகிவிட்டது, என் வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். மூன்று மணிக்கு வாய்க்கால் பாலத்தில் எல்லோரும் கூடினோம். கீழத்தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. ஆண்களும் பெண்களும் வெள்ளை உடுத்திக் கோயிலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஓடிவந்து ஒருவர் சொன்னார்.

நாட்டாண்மை தகரப் பெட்டியைத் திறந்தார். "ஏலே, நீ ஒண்ணு எடுத்துக் கட்டு."

"எனக்குச் சணலு ஒத்துக்காது மாமா, அரிச்சுப் புடுங்கும்."

"நீ?"

"ஆவணியில மகளுக்குக் கலியாணம் வச்சிருக்கேன். சம்பந்தகாரவுக வந்திருக்காக. அவக முன்னாடியா?"

"ஒரு மணி நேரந்தானடா!"

"ஒரு மணி நேரம்னா நீங்களே கட்டுங்க சித்தப்பா."

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். நாட்டாண்மை ஒரு தாடியை எடுத்து என் பக்கம் நீட்டினார். "தம்பி, நீதான யூதனுக்கு வக்கீலு. ஒனக்கென்ன கூச்சம்? கட்டு."

நாற்பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், இதே பாலத்தில் என் அப்பா அதைக் கட்டிக்கொண்டு நின்றவர். எனக்கு அது தெரியும் என்பது வேறு யாருக்கும் தெரியாது. நான் கையை நீட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

ஊர்வலம் யூதர்கள் இல்லாமல் நகர்ந்தது. நடுத்தெரு முக்கில் பிலாத்துவின் மேடை. பிலாத்துவாக நின்றவர் இந்த மனிதனை என்ன செய்யட்டும் என்று மைக்கில் கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். சிலுவையோடு நின்ற பையன் தோளை மாற்றிக்கொண்டான். மூன்றாம் முறை பிலாத்து வசனத்தை விட்டுவிட்டு, "ஏம்ப்பா, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலேன்னா நான் விட்டுருவேன்" என்றார்.

அப்போது நாட்டாண்மை கத்தினார். தாடி இல்லை, வேடம் இல்லை. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கழுத்தில் ஜெபமாலை. சாவு கேட்கும் அந்தக் கூச்சலை அவருடைய சொந்த முகத்தோடு கத்தினார். முகத்தில் நரம்பு புடைத்திருந்தது. பிலாத்துவைப் பார்த்துக் கத்தவில்லை, கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கத்தினார். பெண்கள் மண் கரைத்த குடத்தோடு நின்றார்கள். யாரும் ஊற்றவில்லை.

அன்று மாலையே பேரவை கூடித் தீர்ப்புச் சொன்னது. ஊர்வலத்தைக் கெடுத்த தெருவுக்கு மறைக்கல்வி வகுப்பு கிடையாது. இளம் சாமியார் மறுத்துப் பார்த்தார். கோயிலைப் பூட்டிவிடுவோம் என்றதும் விட்டுவிட்டார். மறுநாள் காலை அவரே கீழத்தெருவுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

அதற்கு ஒரு மணி நேரம் கழித்து நான் போனேன், 1957 நோட்டீஸோடு. கவாத்துக்காரர் வாசலில் கத்தரியைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். வாங்கி, நிதானமாகப் படித்தார். முதல் பெயரில் விரல் நின்றது.

"ஒங்க அப்பாவா?"

"ஆமா."

"இந்தக் காயிதம் நேத்து ஒங்ககிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"போன மாசம், கூட்டத்துல நான் கேட்டப்ப?"

"இருந்துச்சு."

"புக்கு அடிச்சப்ப?"

நான் தலையாட்டினேன். உள்ளே அவர் மகள் நின்றுகொண்டிருந்தாள். வகுப்பு நோட்டுகளை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள், திருப்பிக் கொடுப்பதற்காக.

"நேத்துக் காலையில கொண்டு வந்திருந்தீகன்னா எம் மகளுக்கு வகுப்பு இருந்திருக்கும்" என்றார் அவர். நோட்டீஸை மடித்த மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்தார். "இனிமே இங்கன வராதீக சார்."

அந்த ஜூனில் உத்தமபாளையத்தில் ஒரு திருத்தச் சீட்டு அச்சடித்தேன். "நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் வழிவழியாக என்று எழுதியது தவறு. 1957இல் யூதர் வேடம் கட்டியவர்கள் மேலத்தெருவார். அவர்களுள் முதல்வர் என் தந்தை. இது தெரிந்தே நான் மறைத்தேன்." கீழே என் பெயர், தேதி. பசை டப்பாவோடு மலர் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போனேன். சிலர் ஒட்டவிட்டார்கள், சிலர் என் முன்னாலேயே கிழித்தார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. என் சொந்த அக்கா, "செத்தவர யூதனாக்கிட்டியேடா பாவி" என்று கத்தியவள், அதன்பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை. கவாத்துக்காரர் வீட்டுக்கு ஓர் ஆள் மூலம் சீட்டைக் கொடுத்தனுப்பினேன். அவர் அந்தப் பக்கத்தையே கிழித்து எறிந்துவிட்டார், ஒட்ட இடம் இல்லை என்று பதில் வந்தது. அவர் மகள் 2008இல் திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஊர்த் திருவிழாவுக்குக்கூட வருவதில்லை.

ஊர்வலம் அதோடு நின்றது. 2010 தவக்காலத்தில் புதிதாக வந்த சாமியார் அதைத் திரும்ப நடத்தலாமா என்று கூட்டம் போட்டார். நாட்டாண்மை பிளாஸ்டிக் உறையில் சுற்றிய மலரைக் கொண்டுவந்தார். அவருடைய பிரதியில் சீட்டு ஒட்ட அவர் விட்டதே இல்லை. நான் 1957 நோட்டீஸை எடுத்து மேசையில் வைத்தேன். கை மாறிக் கை மாறி அது அவரிடம் போனது. கண்ணாடியை ஏற்றி, கீழிருந்து மேல்வரை படித்தார்.

"ஒத்த நோட்டீசு தம்பி. ஒத்த நோட்டீச வச்சு என்ன சொல்ல முடியும்? ஏதோ விதிவிலக்கா இருக்கும்."

நோட்டீஸை மடித்த மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்தேன். கீழத்தெருவிலிருந்து அன்றைக்கு யாரும் வந்திருக்கவில்லை. எந்த முடிவும் இல்லாமல் கூட்டம் கலைந்தது.

2010இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 2. மலர் அடித்த 1999இலும் அது ஏப்ரல் 2தான். ஊர்வலம் நடக்கவில்லை. காலையில் பெரியகுளம் போவதற்காக மினிபஸ் ஏறினேன். புது நடத்துநர், இருபது வயதிருக்கும், எங்கள் ஊர்க்காரர்கூட இல்லை. கீழத்தெரு முக்கில் விசில் அடித்துவிட்டு, "யூதத்தெரு எறங்கு" என்றார்.